பன்னிரண்டு வயதுக்கு மேல்

காஜா பேராங், மலாக்கா
11-10-1958

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? நான் நலம்.

இன்று காலை முதல் வேலையாகப் பள்ளி அறிவிப்பில் 'எல்லா வயதினருக்கும்' என்பதை அடித்துவிட்டு, 'பன்னிரண்டு வயதுக்கு மேல்' என்று எழுதினேன். என் மாணவர்கள் இரவல் கேமராவில் ஒரு பேய்ப்படம் எடுத்திருக்கிறார்கள். யாருக்குக் காட்டலாம் என்று அறிய, நேற்று சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தோம். பேய் வந்ததும் ஒரே சிரிப்பு. "டீச்சர், பேய்க்குக் கைலி தெரியுது!" என்று கத்தினார்கள். ஆனால் தாய் பெட்டியோடு வீட்டை விட்டுப் போகும் இடத்தில் ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். எங்களால் தேற்றவே முடியவில்லை.

"அம்மா சும்மா நடந்து போறாங்க லா டீச்சர், அதுல என்னா பயம்?" என்றான் படமெடுத்த அப்பாசாமி.

அழுத சிறுமிக்கும் நம் கோமதியைப் போல எட்டு வயது. நான் பெட்டியோடு கிளம்பியபோது கோமதிக்கு ஐந்து. அம்மா போன பிறகும் அவள் அழவேயில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அவள் உயரத்தை நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்தில் வைத்து அனுப்புங்கள். பாவாடை தைக்க வேண்டும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

இன்னும் மூன்று வருடத்துக்கான ஒப்பந்தத் தாள் மேசையில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. இங்கே யாரிடமும் சொல்லவில்லை. கப்பல் தேதி தெரியும்வரை கோமதியிடமும் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்,
பாக்கியலட்சுமி