வீட்டில் பேசும் மொழி

அம்முவின் பள்ளியிலிருந்து இந்த வருடப் படிவம் வந்திருக்கிறது. 'வீட்டில் பேசும் மொழி' என்ற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. அவள் அப்பா நீங்கள் இருந்தவரை ஒவ்வொரு ஜூனிலும் அங்கே 'தமிழ்' என்று எழுதுவீர்கள். நான் அதை அடித்து 'மலையாளம்' என்று திருத்துவேன்.

அது தொடங்கியபோது அவளுக்கு நாலு வயதிருக்கும். பேச்சு வரவில்லை, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். எல்லாக் குழந்தைகளோடும் சாதாரணப் பள்ளியில் படிக்கவேண்டுமானால் வீட்டிலும் மலையாளம் மட்டும் பேசுங்கள் என்று ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொன்னார்கள். நான் அன்றே சட்டம் போட்டேன். திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்து பத்து வருடமாகியும் உங்கள் மலையாளம் கடைத்தெருவைத் தாண்டியதில்லை. வலியசாலை வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் மெதுவாகக் கேட்டீர்கள்: "ஸ்கூல்ல மலையாளமே இருக்கட்டும். ஆத்துல நான் அவளை எந்த பாஷையில கொஞ்சறது?"

அப்புறம் என் எதிரில் நீங்கள் அவளிடம் அதிகம் பேசியதேயில்லை. அவளைப் பள்ளியில் ஸ்கூட்டரில் கொண்டுவிடும் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுத்தரவில்லை.

நீங்கள் போய் இரண்டு வருடம். நேற்று வகுப்பு டீச்சர் கூப்பிட்டனுப்பினார். பெல் அடித்தால் அம்மு இப்போதெல்லாம் வெளியே ஓடுவதில்லையாம். ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பெஞ்சிலேயே இருக்கிறாளாம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பெல் அடித்தது. அம்மு காதைப் பொத்தினாள். பக்கத்திலிருந்த மலையாளச் சிறுமி அவள் பக்கம் சாய்ந்து, தன் மலையாள ராகத்தில் நீட்டித் தமிழில் சொன்னாள்:

"ஒண்ணுமில்லடா கண்ணா, சத்தம் இப்போ போயிடும்."

சரியான கள்ளுளிமங்கன் நீங்கள். அத்தனை வருடமும் ஸ்கூட்டரில் அவளிடம் இதைத்தான் சொன்னீர்களா? அது அம்மு வாயிலிருந்து அந்தச் சிறுமிக்கும் தொற்றிவிட்டதா? எனக்குக் கோபமா அழுகையா என்றே புரியவில்லை. என் சட்டத்தால் அவளுக்கு அந்த வகுப்பில் இடம் கிடைத்ததா, நீங்கள் அதை மீறியதால் அந்த இடம் நிலைத்ததா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிச்சம்.

நிரப்பாத படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இன்று காலை அவளோடு நடந்தேன். பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வாசலில் யாரோ வரிசையாகச் சிதறுகாய் உடைத்தார்கள். அவள் கை காதுக்குப் போயிற்று. "ஒண்ணுமில்லடா..." என்று தொடங்கினேன், அதற்குமேல் வராமல் அவள் எதிரில் குனிந்தேன். அவள் தன் காதிலிருந்து கையை எடுத்து என் காதுகளைப் பொத்தி, மீதியைச் சொன்னாள்.