கிக்பாக்ஸிங்கும் நீளமான ஆமெனும்

ஆக்லாந்து,
பிப்ரவரி 9

பிரியமுள்ள சோசே அக்காவுக்கு,

இங்கே சுகம். அத்தான் ஞாயிறு பிரசங்கத்தை இப்போதாவது சீக்கிரம் முடிக்கிறாரா?

கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்தபோது, பாட்டின் கடைசியில் வரும் அந்த நீளமான ஆமெனில் எனக்கு மூச்சு அறுந்தது உண்மைதான். பாடகர் குழுவை நடத்துகிறவள் நீ, ஒத்துக்கொள்கிறேன். அதற்காகச் சபை முழுக்கப் பார்த்திருக்க, "லாங்கி, நீ போய் விசிறிக்கிட்டு உக்காரு, அந்தச் சின்னப் பொண்ணு ஐலினி பாடட்டும்" என்றாயே! எனக்கு இன்னும் ஆறவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த ஆமென் என்னுடையது.

சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்து அலுத்துப்போய், இப்போது பேக்கரிக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் கிக்பாக்ஸிங் பழகுகிறேன். பதறாதே.

உன் செல்லத் தங்கை,
லாங்கி

சவாயித் தீவு,
மார்ச் 2

அடி லாங்கி,

உன் கடிதத்தை மாதர் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கத் தொடங்கி, பாதியில் இருமி மடித்துவிட்டேன். போதகர் மனைவியின் தங்கை, ஐம்பதைத் தாண்டியவள், ஊர் பார்க்கக் காலைத் தூக்குகிறாளாம்! அது சண்டையா, கூத்தா? மூட்டு நழுவினால் யார் தூக்குவது?

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் ஆமென் ஐலினிக்குத்தான். சேப்பங்கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது.

கோபம் தீராத,
சோசே

ஆக்லாந்து,
ஜூலை 20

கோபக்கார அக்காவுக்கு,

கூத்து இல்லை. குத்துச்சண்டைக் கையும் கராத்தேக் காலும் சேர்ந்ததுதான் இது. முழங்கையால் இடிக்கக் கூடாது, கட்டிப்பிடித்து உருளக் கூடாது. எங்கள் வகுப்பில் ஒருத்தி உதை வாங்கும் திண்டைப் பிடிப்பாள், இன்னொருத்தி உதைப்பாள். உன் மானத்தைக் காக்க முதல் நாள் இடுப்பில் லாவாலாவாவைச் சுற்றிக்கொண்டே உதைத்தேன். துணி காலில் சிக்கி, தொப்பென்று உட்கார்ந்தேன். இப்போது கால்சட்டைதான்.

ஆரம்பத்தில் பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பேன். ஒரு சுற்று முடிவதற்குள் நாக்குத் தள்ளும். சொல்லித்தரும் தெரைனா அதட்டினாள்: "எதுக்கு மூச்ச அடக்குற? அடிக்கறப்ப வயித்துலேர்ந்து விடு." அந்த ஒரு பேச்சில் எல்லாம் மாறியது. சர்க்கரை இறங்கியிருக்கிறது. படியேறினால் இரைப்பதில்லை. கோபம் வந்தால் திண்டோடு போகிறது, வீட்டுக்கு வருவதில்லை.

அக்கா, என் மூச்சு திரும்பிவிட்டது. ஒரே ஒருமுறை பாட விடு. எனக்கு என் ஆமென் வேண்டும்.

லாங்கி

சவாயி,
ஆகஸ்ட் 14

லாங்கி,

வா, பார்த்துவிடலாம். ஐலினியும் நீயும் சேர்ந்தே தொடங்குங்கள். தூக்கிய என் கை இறங்கும்வரை யார் நிறுத்தாமல் பாடுகிறாளோ, ஆமென் அவளுக்கு. தோற்றால் அழக் கூடாது.

சோசே

சவாயி,
ஜனவரி 6

என் லாங்கிக்கு,

நீ படகேறிப் போனதும் எழுத உட்கார்ந்தேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று ஐலினி பாதியிலேயே மூச்சு முட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். அப்போதே நான் கையை இறக்கியிருக்கலாம். எங்கே அறுகிறாய் பார்ப்போம் என்று ஒரு வீம்பு. தோள் கடுத்தது, கை நடுங்கியது. உன் குரல் நடுங்கவில்லை. கடைசியில் கை தானாக விழுந்தது. நீ அதற்குப் பிறகும் கொஞ்சம் பாடினாய், கள்ளி. உன் அத்தான் ஜெபத்தை மறந்து நின்றார். விசிறிக்கொண்டு உட்கார்ந்தவள் அன்றைக்கு நான்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

ஆமென் உன்னுடையது. இனி யாருக்கும் இல்லை.

நேற்று மாதர் கூட்டத்தில் உன் கடிதங்களை இருமாமல் முழுக்கப் படித்தேன். உடனே கொப்பரைச் சாக்கில் மணலைக் கொட்டிப் பலாமரத்தில் கட்டிவிட்டார்கள். முதலில் யார் உதைப்பது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். போதகர் மனைவி இருக்கும்போது வேறு யார் உதைப்பது?

அடுத்த முறை கையுறை வாங்கி வா. என் கை உன்னுடையதைவிடப் பெரிது. கால்சட்டை வேண்டாம், அத்தானுடையது எனக்குச் சரியாக இருக்கிறது.

உன்னை நினைத்து நெஞ்சு நிமிர்ந்திருக்கும்,
சோசே அக்கா