சரளை மண்ணுக்குத் தண்ணீர்

19 மே 1996, ஞாயிறு
வோபர்ன்

இன்று பின்னேரம் என் மனிசன் போன் எடுத்தார். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அப்பிள் தோட்டத்து வேலைக்குப் போனதிலிருந்து மூன்று கிழமைக்கு ஒருமுறைதான் எடுக்கிறார். எடுத்தால் ஒரு மணித்தியாலம் கதைப்பார். இன்றைக்குக் கதைத்தது முழுக்க மண்.

மலைகளுக்கு நடுவே அந்தப் பள்ளத்தாக்கில் மண்ணைவிடச் சரளைக்கல்தான் கூடவாம். எவ்வளவு பொறுக்கினாலும், குளிர்காலத்தில் நிலம் உறைந்து புதுக்கற்களை மேலே தள்ளிவிடுமாம். போன கிழமை இவரைத் தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறார்கள். இவர் ஊரில் மிளகாய்க்குக் கட்டுவதுபோல மரத்தடியில் பாத்தி கட்டி, நிரம்பட்டும் என்று ஹோஸைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். பாத்தி நிரம்பவேயில்லை.

"விட்ட தண்ணி முழுக்கக் கல்லுக்குள்ளால இறங்கிட்டுது. போட்ட பசளையும் அதோட போயிட்டுது. ரெண்டாம் நாள் பாத்தா மண் காய்ஞ்சு கிடக்கு. இதுக்கு ஒரேயடியா ஊத்தக் கூடாதப்பா. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி விட வேணும்."

"ஓம்" என்றேன். எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது.

"சரி, அடுத்த மாசம் ஆறுதலா எடுக்கிறன். நிறையக் கதைப்பம்" என்று வைத்துவிட்டார்.

சோறு வேகுமுன்னரே எனக்கு மறுபடி அவர் குரல் கேட்க வேண்டும்போல் இருந்தது.

அந்த மண்ணின் குணம் அவருக்கு ஒரு கிழமையில் விளங்கிவிட்டது. எங்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருடம்.