பேத்தியின் மல்யுத்தமும் பெரியம்மாவின் கேள்வியும்

சனிக்கிழமை இரவு, பிராங்பேர்ட்

நித்திரை வரவில்லை. மாலையில் மருமகளின் பெரியம்மா தேநீருக்கு வந்தார். பேத்தி ஆரணியைப் பார்த்து, "பெரிய பிள்ளையாயிட்டாள். இனியும் பொடியங்களோட மல்யுத்தமெண்டு உருள விடுறியளோ? ஆர் கலியாணம் கட்டுவான்?" என்றார். நாளைய போட்டிக்குப் போகவேண்டாம் என்று மருமகள் சொல்லிவிட்டாள்.

பள்ளி விடுமுறைப் போட்டிகளுக்கெல்லாம் எஸ்-பான் ரயிலில் கூட்டிப்போனது நான். முதல் போட்டியன்று காலை நல்லெண்ணெய் தேய்த்து அனுப்பினேன். நடுவர் அவள் கையைத் தடவிப் பார்த்து, வழுக்குகிறது, கழுவிவிட்டு வா என்றார். மண்டபமே சிரித்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவி வந்தவள், தன்னைவிட உயரமான பையனை மல்லாக்க விழுத்தினாள். பிறகு கைகொடுத்து எழுப்பியும் விட்டாள். இதில் என்ன கெட்டுப்போனது?

பெரியம்மாவிடம் சொன்னேன்: "அவளிட்டை விழுந்தாலும் சிரிச்சுக்கொண்டு எழும்புறவன் கட்டட்டும். மற்றவன் எங்களுக்கு வேண்டாம்." மருமகளிடமும் சொன்னேன்: "நாளைக்கு நான் கூட்டிக்கொண்டு போறன். ஏலுமெண்டால் மறி பாப்பம்."

சற்று முன் குசினியில் பாத்திரச் சத்தம். மருமகள் பாண் துண்டுகளுக்குள் முட்டை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குக் கொண்டுபோக ஆரணிக்கு வைச்சிட்டன். உங்களுக்கும் வைக்கட்டோ மாமி?"

"மூண்டு பேருக்கு வை. நீயும் வாறாய்," என்றேன்.