வெட்டி ஒட்டிய படமும் பலகையில் ஒட்டிய அறிவிப்பும்

அனுப்புநர்:
வசுமதி த/பெ அமிர்தலிங்கம்,
கொழுந்து லோரி ஓட்டுநர்,
சுங்கை காபுட் தேயிலைத் தோட்டம், ரிங்லெட்.

பெறுநர்:
தோட்ட நிர்வாகி அவர்கள்,
சுங்கை காபுட் தேயிலைத் தோட்டம்.

பொருள்: என் படத்தைத் திரித்துப் பரப்பியதும், அதற்காகப் பெண்கள்மீது விதிக்கப்பட்ட தடையும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மலையில் பறித்த கொழுந்தை ஆலைக்கு ஏற்றிவரும் லோரியை நான்கு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். இத்தோட்டத்தில் லோரி ஓட்டும் ஒரே பெண் நான். ஈரமான வளைவில் லோரியைப் பின்னால் எடுப்பது எப்படி என்பது போன்ற காணொளிகளை ஓய்வு நேரத்தில் டிக்டாக்கில் போடுவேன். அவற்றைப் பார்த்துத்தான் ஆலையில் வேலை செய்யும் நவமணி, லோரி லைசென்ஸுக்கு விண்ணப்பப் பாரம் வாங்கினாள்.

2. கடந்த 9ஆம் தேதி யாரோ என் முகத்தை வெட்டி, ஆடையில்லாத வேறோர் உடலில் ஒட்டி, தோட்டத்து வேலைக்காக அலுவலகம் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புதிய எண்ணிலிருந்து போட்டார்கள். கீழே "வாடகைக்கு" என்ற சொல்லும் என் எண்ணும். இரண்டு நாளில் நாற்பதுக்கு மேல் அழைப்புகள். ஒருவர் வாடகை எவ்வளவு என்றார். "லோரிக்கா அண்ணே? முட்டைக்கோஸா, தக்காளியா, எத்தன டன்னு சொல்லுங்க லா," என்றேன். போனை வைத்துவிட்டார். சிரித்தேன். அடுத்த அழைப்பு வளைவில் வந்தது. லோரியை ஓரங்கட்டி, அழுது முடித்த பிறகுதான் மறுபடி வண்டியை எடுத்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

3. காவல்துறையில் புகார் செய்துவிட்டேன், விசாரிக்கிறார்கள். 12ஆம் தேதி அலுவலகப் பலகையில் ஓர் அறிவிப்பு வந்தது: "பெண் தொழிலாளர்கள் தோட்டத்தில் காணொளி எடுக்கக் கூடாது." படத்தைப் பிறருக்கு அனுப்பிய, இரண்டு மேற்பார்வையாளர்கள் உள்ளிட்ட ஆண்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அன்றே நவமணியின் தந்தை சுகுமாரன் அவளுடைய பாரத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

4. மறுநாள் காலை, முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கும் செல்லம் அக்கா, கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: "பொம்பள படம் எடுத்தா குத்தம். பொம்பள படத்த வெட்டி ஒட்டுனா சும்மாவா?" அவர் நேராக என் லோரியில் ஏறி உட்கார்ந்து, ஹாரனை அடித்து, தம்மைக் காணொளி எடுக்கச் சொன்னார். அவருக்குப் பின்னால் இருபத்திரண்டு பெண்கள் வரிசை பிடித்தார்கள். சத்தம் கேட்டு ஆலையே வெளியே வந்துவிட்டது; சுகுமாரன் அண்ணனும் வந்து பார்த்தார். அறிவிப்பை மீறியது உண்மை. எங்கள் பெயர்ப் பட்டியலை நாங்களே இணைத்திருக்கிறோம்.

5. அன்று மாலை சுகுமாரன் அண்ணன் பாரத்தைக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தார். "எம் மவ ஓட்டட்டும் லா. படம் வந்தப்பவே ஏன்டான்னு கேட்டிருக்கணும். நானும் பாத்துட்டு சும்மா இருந்துட்டேன்," என்றார்.

6. ஆகவே, அறிவிப்பை அகற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். படத்தைப் போட்ட புதிய எண்ணைக் குழுவில் சேர்த்தவர் யார் என்பது அலுவலகத்துக்குத் தெரியும். அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். படத்தைப் பரப்பிய இரண்டு மேற்பார்வையாளர்களும் அதே குழுவில், சொந்தப் பெயரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

7. வரும் 30ஆம் தேதி நவமணிக்கு ஓட்டுநர் தேர்வு. அன்று அவளுக்கும், துணைக்குப் போகும் எனக்கும் விடுப்பு தேவை. மற்ற பெண்களும் வருவதாகத்தான் சொன்னார்கள். கொழுந்து முற்றிவிடும் என்று நானே தடுத்துவைத்திருக்கிறேன், ஐயா.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
வசுமதி த/பெ அமிர்தலிங்கம்

இடம்: ரிங்லெட்
தேதி: 19 செப்டம்பர் 2025