தோல் கிடங்குச் சந்து

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? தங்கை என்று ஒருத்தி இருப்பது நினைவிருக்கிறதா?

என் மகள் கணக்குப் படிப்பை முதல் வகுப்பில் முடித்தாள். ஏழெட்டு இடத்துக்கு விண்ணப்பித்தும் ஓர் அழைப்புகூட இல்லை. அவளைவிட மதிப்பெண் குறைந்த பூங்கா வீதிப் பெண் வேலையில் சேர்ந்தாயிற்று. தோல் கிடங்குச் சந்து என்று படித்ததுமே மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள் போலும். இப்போது உங்கள் அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்களாம். சிபாரிசு கேட்கவில்லை. உங்கள் வீட்டு முகவரியைப் போட்டுக்கொள்ளட்டுமா?

உங்கள் அன்புத் தங்கை

மார்ச் 11

அன்புள்ள தங்கைக்கு,

கோபித்துக்கொள்ளாதே, என் முகவரி வேண்டாம். சரிபார்க்க ஆள் வருவார்கள். என்ன உறவு, எந்தத் தெரு என்று நூல் பிடித்துக்கொண்டே போனால் எனக்கு வினையாகிவிடும். நான் பிறந்ததே பூங்கா வீதியில்தான் என்று இங்கே நம்புகிறார்கள். மேலாளர் பதவிக்கு இப்போது என் பெயர் அடிபடுகிறது.

சந்து முகவரியையே போடட்டும். அழைப்பு வர நான் பார்த்துக்கொள்கிறேன். நேர்காணலில் நானும் இருப்பேன். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல். அம்மா என் சட்டையை மருந்துக்கடைக்காரர் மாடியில் காயப்போடுவாளே, உன் மகள் துணியையும் அங்கேயே போடு. தோல் வாடை ஒட்டினால் காரியம் கெட்டுவிடும்.

அன்புடன் அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணாவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்ததுதான், என்றாலும் சொல்வது முறை. அழைப்புக்கு நன்றி.

துணியை அவள் நம் வீட்டுக் கொடியிலேயே காயப்போட்டாள். நான் கத்தினேன். "இன்னும் எத்தனை நாளைக்கும்மா அடுத்தவங்க மாடி? வாடை வந்தா வரட்டும்" என்றாள்.

உங்கள் பெரிய அதிகாரி முகவரியைப் பார்த்துச் சிரித்தாராம். "அந்தச் சந்துலேர்ந்து யாராவது இதுவரைக்கும் மேல வந்திருக்காங்களாம்மா?" என்று கேட்டாராம். பக்கத்து நாற்காலியில் நீங்கள். ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று உங்கள் முகத்தையே பார்த்தாளாம். நீங்கள் தண்ணீர் தம்ளரை எடுத்தீர்களாம்.

"யாரும் இல்ல சார், நான்தான் முதல் ஆள்" என்று சொல்லிவிட்டாள்.

அவளைக் காப்பாற்ற வேண்டிய மாமா நீங்கள், அண்ணா. கடைசியில் அவள்தான் உங்களைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை சேர்கிறாள். பயப்படாதீர்கள், அங்கே உங்களை சார் என்றுதான் கூப்பிடுவாள். இனி வீட்டிலும் அப்படியே கூப்பிடப்போகிறாளாம். நான் தடுக்கவில்லை.

தோல் கிடங்குச் சந்திலிருந்து,
தங்கை