பாகற்காய்ச் சாறு குடித்து வாங்கிய நார்மல்

என் வசந்தி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. செத்துப்போனவளிடம் என்ன கோபம் என்கிறார் மாமா. உன் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. உன்னிடம் கோபப்படாமல் நான் வேறு யாரிடம் கோபப்படுவேன், சொல்லு.

ஒவ்வொரு மே மாதமும் பள்ளிக்கூட லீவில், ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கத்து லேபுக்குச் சர்க்கரை டெஸ்ட் எடுக்கப் போவாய். எவ்வளவு அக்கறையானவள் என்று காலனியே மெச்சும். ஆனால் இரண்டு வாரம் முன்பே உன் வீட்டில் பரீட்சைக் காலம் தொடங்கிவிடும். காபிக்குச் சர்க்கரை கிடையாது, ராத்திரி சோறு கிடையாது. காலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாகற்காய்ச் சாறு. சாயங்காலம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருத் தெருவாக நடை.

"என்னக்கா இது கூத்து?" என்று கேட்டால், "படிக்காம டெஸ்டுக்குப் போற டீச்சரை எங்கயாவது பார்த்திருக்கியாடி?" என்பாய். ரிசல்ட் வந்ததும் போன் வரும். "நார்மல்டி! பாஸாயிட்டேன்!" அன்றைக்கே அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வருவாய். அப்புறம் அடுத்த மே வரைக்கும் கேட்பாரில்லை.

கால் வீங்கியபோது, நாள் முழுக்க நின்று கணக்குப் போடுவதால் என்றாய். மூச்சு வாங்கியபோது மாடிப்படியைத் திட்டினாய். கடைசியில் தாம்பரத்து டாக்டர், கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்.

"சர்க்கரை ரொம்ப வருஷமா இருந்திருக்கணும்மா. செக் பண்ணினதே இல்லையா?"

"வருஷா வருஷம் பண்றேனே சார்! எல்லாம் நார்மல்" என்றாய். எப்படியெல்லாம் தயாராவாய் என்பதையும் நீயே பெருமையாகச் சொன்னாய். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "எப்பவும் இருக்கிற மாதிரி இருந்துட்டு வந்தாத்தானேம்மா எங்களுக்குத் தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதற்கப்புறம் டயாலிசிஸ், ஊசி குத்திக் குத்தி மரத்துப்போன கை, உப்பில்லாத கஞ்சி. தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்கச் சொன்னார்கள். இன்னும் ஒரு வாய் தண்ணி கொடுடி என்று என்னிடம் கெஞ்சினாயே, அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

சரி, இப்போதைய சேதிக்கு வருகிறேன். போன வாரம் நானும் டெஸ்டுக்குக் கிளம்பினேன். முந்தின நாள்தான் இரும்புலியூரில் ஒரு வளைகாப்பில் ஜாங்கிரி வரைக்கும் சாப்பிட்டிருந்தேன். எனக்கும் சர்க்கரை இருக்குமோ என்று பயம். உனக்கும் எனக்கும் ஒரே அம்மாதானே?

"ரெண்டு வாரம் வாயைக் கட்டிட்டுப் போயேன் சுதா. இப்போ போனா ஏறித்தான் காட்டும்" என்றார் மாமா.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "அவளைத் தூக்கிக் கொடுத்தது பத்தலையா மாமா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். பாவம், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். கண்ணைத் துடைக்கச் சொல்லி அவரையும் கையோடு இழுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு வாரம் வாயைக் கட்டி ஏமாற்ற முடியாத, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி காட்டும் டெஸ்டும் எடுத்தோம். மாமாவுக்கு ஒன்றுமில்லை. எனக்கு இருக்கிறது, அக்கா.

அதே டாக்டர்தான் பார்த்தார். "கிட்னி நல்லா இருக்கும்மா. மாத்திரை போடுங்க, நடங்க. நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். அங்கேயே உடைந்து அழுதேன். எனக்காக அழுகிறேன் என்று நினைத்துத் தேற்றினார். உனக்கும் இப்படி ஒரு நல்ல நேரம் இருந்ததே அக்கா, மே மாதத்துக்கு மே மாதம் வந்ததே! ஏன் ஒளித்தாய்? யாரிடம் மார்க் வாங்க?

மாத்திரையை விடமாட்டேன். ஒவ்வொரு வருஷமும் இருக்கிறபடியே போய்க் கையை நீட்டுவேன், மாமாவையும் விடாமல் கூட்டிப்போவேன். இது உன்மேல் சத்தியம். உன்னைப் பார்க்க ஆசைதான், ஆனால் அவசரப்பட்டு வரமாட்டேன். எனக்காகக் காத்திருக்காதே.

உன் கூடப்பிறந்தவள்,
சுதா